வலைத்தளம் போடப் போறீங்களா? டெவலப்பரைத் தேடும் முன் நீங்களே போட வேண்டிய திட்டம்

"தம்பி, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போடணும்ப்பா. எவ்வளவு ஆகும்?"

"போட்டுரலாம்ணே. எத்தனை பேஜ் வேணும்? ஆன்லைன் பேமென்ட் வேணுமா? தமிழா, இங்கிலீஷா?"

"அதெல்லாம் நீயே பார்த்துப் போட்டுரு."

இந்த மூன்றாவது வரியில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. டெவலப்பர் கெட்டவர் என்பதால் அல்ல. உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், எதற்காகத் திரும்ப வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாததை அவர் தன் கையில் இருக்கும் ஒரு மாதிரித் தளத்தை வைத்து நிரப்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து, "நான் கேட்டது இது இல்லையே" என்று நீங்களும், "நீங்க எதுவுமே சொல்லலையேண்ணே" என்று அவரும் நிற்பீர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

இதைத் தவிர்க்கக் கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, கையில் இருக்கும் ஸ்மார்ட்போன், பத்து நாள் பொறுமை, இவ்வளவு போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதித் தொழில்களை உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: தளம் என்ன வேலை செய்யணும்?

இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் தொழில்கள் வேறு வேறு. அதனால் தளங்களும் வேறு வேறாகத்தான் இருக்க முடியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டாள் கோயிலுக்கு வந்துபோனவர்கள், ஊரை விட்டுச் சென்னையிலும் கோவையிலும் குடியேறியவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். "எங்க ஊருக்கு அனுப்புவீங்களா? எத்தனை நாள்ல வரும்? கெடாம வருமா?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கூடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சுருள் வாங்க யாரும் தளத்துக்கு வரப்போவதில்லை. வருபவர் மருத்துவமனைக்குச் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி, அல்லது ஏற்றுமதியாளர். அகலம் என்ன, ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, உரிமமும் தரச் சான்றும் இருக்கா, சாம்பிள் அனுப்புவீர்களா என்றுதான் கேட்பார். இந்தத் தளத்துக்கு "கூடையில் போடு" பட்டனே வேண்டாம். விசாரணைப் படிவம் ஒன்று இருந்தால் போதும்.

தளவாய்புரம் பக்கம் நைட்டி தைத்து மொத்தமாக விற்பவருக்கு மாதாமாதம் புது டிசைன் வரும். அவர் தினமும் தானே படம் ஏற்றுகிற மாதிரி தளம் இருக்கணும். ஒவ்வொரு படத்துக்கும் டெவலப்பருக்குப் போன் போட வேண்டியிருந்தால், இரண்டாவது மாதமே தளம் தூங்கிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கும் விடுதி வைத்திருப்பவருக்கோ கதை வேறு. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்கு வருபவர்களும், ஆடிப்பூரத் தேருக்கு வருபவர்களும் முதலில் கேட்பது, "அன்னைக்கு ரூம் இருக்கா? பார்க்கிங் இருக்கா? விடியக்காலம் கிளம்பணும், வெந்நீர் கிடைக்குமா?" என்பதுதான்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "என் தளத்துக்கு வருபவர் ______ செய்துவிட்டுப் போகணும்." கோடிட்ட இடத்தில் ஒரு வேலைதான் வரலாம். "ஆர்டர் கொடுத்துவிட்டு", "விலை விசாரித்துவிட்டு", "அறை இருக்கா என்று கேட்டுவிட்டு". நாலு வேலை எழுதத் தோன்றினால், எதில் உங்களுக்கு அதிக வருமானமோ அதை முதலில் எழுதுங்கள். மற்றவை அடுத்த வரியில் இருக்கட்டும்.

எழுதிய பிறகு தளமே தேவையில்லை என்றும் தோன்றலாம். அதுவும் நல்ல முடிவுதான். உள்ளூர் வாடிக்கையாளர் மட்டும் போதும் என்றால், கூகுள் மேப்பில் கடையைச் சரியான நேரம், போன் எண், படங்களோடு இலவசமாகப் பதிந்து வைப்பதே பாதி வேலையை முடித்துவிடும். அரசு நிறுவனங்களுக்கு விற்க நினைப்பவருக்கு, 2016 முதல் நடந்துவரும் ஜெம் என்ற அரசு மின் சந்தையில் பதிவு செய்வதுதான் முதல் படி. சொந்தத் தளம் அதற்குப் பிறகு வரலாம்.

வாடிக்கையாளர் சொல்லித் தருவார்: ஒரு வாரக் குறிப்பு

இரண்டாவது பக்கத்தில் இருந்து ஒரு வாரம், போனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை வந்த வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "அரை கிலோ என்ன விலை?" "சண்டே கடை உண்டா?" "பஸ் ஸ்டாண்டுல இருந்து எவ்வளவு தூரம்?" என்று வரும். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

வாரக் கடைசியில் அதிகக் கோடு வாங்கிய ஐந்து கேள்விகள்தான் உங்கள் முகப்புப் பக்கம். "எங்களைப் பற்றி", "எங்கள் நோக்கம்", "எங்கள் தொலைநோக்கு" என்று மாதிரித் தளத்தில் வருகிற தலைப்புகளை யாரும் போனில் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கடையின் வரலாறு சொல்ல ஆசை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். அது விலைக்கும் போன் எண்ணுக்கும் கீழே இருக்கட்டும்.

பக்கங்களைத் தாளில் வரையுங்கள்

இப்போது ஸ்மார்ட்போனை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்துச் சுற்றிலும் பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் கட்டம்தான் உங்கள் தளம். பலரும் டெவலப்பர் கடையில் பெரிய கணினித் திரையில் தளத்தைப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறோம். வாடிக்கையாளர் பார்ப்பதோ பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்தபடி. கூகுள் நிறுவனமும் ஒரு தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாக வைத்து வரிசைப்படுத்தும் முறையை 2016-இல் அறிவித்துப் படிப்படியாகக் கொண்டுவந்துவிட்டது. கைபேசியில் சரியாக வராத தளம் தேடலிலும் பின்தங்கும்.

கட்டத்துக்குள் மேலிருந்து கீழாக எழுதுங்கள். பால்கோவா கடை என்றால், உதாரணத்துக்கு இப்படி:

1. கடைப் பெயர், ஊர்.
2. ஒரு நல்ல படம்.
3. அரை கிலோ, ஒரு கிலோ விலை.
4. எந்த ஊருக்கு எத்தனை நாளில் சேரும், எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்.
5. பெரிதாக ஒரு பட்டன்: "வாட்ஸ்அப்பில் ஆர்டர்".
6. கடை நேரம், வழி, மேப்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள். பெரும்பாலான சிறு கடைகளுக்கு நாலைந்து தாளுக்கு மேல் தேவைப்படாது. ஒரு தாளில் இருந்து இன்னொரு தாளுக்குப் போகும் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள். வடிவமைப்பாளர்கள் பெரிய பெயர் வைத்துச் செய்யும் முதல் வேலை இதுதான்.

வரைந்ததும் தளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஐந்து பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள்; நம்மை வருத்தப்படுத்த மனமில்லாமல் எல்லாரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். "அத்தை, நீங்க மதுரையில இருக்கீங்க, ரெண்டு கிலோ வேணும், எங்க தொடுவீங்க?" என்று கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே தாளைத் திருத்துங்கள். இந்த நிலையில் திருத்த ஆகும் செலவு ஒரு தாள். தளம் முடிந்த பிறகு அதே திருத்தத்துக்குத் தனிப் பணம் கேட்பார்கள்.

பெயர் வைக்கும் முன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்

தளத்தின் முகவரியை டொமைன் என்கிறோம். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'டி' போட்டு எழுதுவார், ஒருவர் இரண்டு 'டி' போடுவார், ஒருவர் 'டிஎச்' போடுவார். ராஜபாளையத்தின் நடுவில் 'ஐ' எழுத்து வருமா வராதா என்பதிலும் இரண்டு வழக்கம். ஊர்ப் பெயரை முகவரியில் சேர்த்தால், கேட்டு எழுதுபவர் தப்பாக எழுத வாய்ப்பு அதிகம். போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதும் பெயராகத் தேர்ந்தெடுங்கள். நாலு பேரிடம் போனில் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாலும் ஒன்றாக வந்தால் அந்தப் பெயர் சரி.

'டாட் இன்' முகவரியோடு, தமிழிலேயே எழுதும் 'டாட் இந்தியா' முகவரியும் பதிவு செய்ய முடியும். தமிழ்ப் பெயர் கடைப் பலகையிலும் பையிலும் அழகாக நிற்கும். ஆனால் தமிழ் முகவரியில் மின்னஞ்சல் எல்லாச் சேவைகளிலும் சரியாக ஓடுவதில்லை. அதனால் தமிழ்ப் பெயரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதைத் தட்டினாலும் அதே தளம் திறக்கும்படி செய்யச் சொல்லலாம்.

தமிழை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள்

"முதல்ல இங்கிலீஷ்ல போட்டுரலாம், தமிழ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அந்த 'அப்புறம்' வருவதில்லை. எந்த மொழி முதலில் திறக்கணும் என்பதை நோட்டில் எழுதுங்கள். மூன்று விஷயங்களைக் குறிப்பாகக் கவனிக்கணும்.

முதலாவது, எழுத்து ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் இருக்கணும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. டிடிபி சென்டரில் நோட்டீசுக்கு அடித்த பழைய எழுத்துருக் கோப்பை அப்படியே தளத்தில் போட்டால், படிப்பவர் போனில் அது புரியாத ஆங்கிலக் குறிகளாக வரும்.

இரண்டாவது, எழுத்தைப் படமாகப் போடக் கூடாது. விலைப் பட்டியலை நோட்டீஸ் போல வடிவமைத்துப் படமாக ஏற்றினால், தேடலில் அது சிக்காது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் போன் அதை வாசித்துக் காட்டவும் செய்யாது.

மூன்றாவது, தமிழ்ச் சொற்களுக்கு இடம் அதிகம் வேண்டும். ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் முடிகிற பட்டன் தமிழில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று நீளும்; மாதிரித் தளத்தின் சின்ன பட்டனில் அது இரண்டாக உடையும். "பேசுங்க", "ஆர்டர்", "விலை", "வழி" என்று கடையில் புழங்கும் சிறிய சொற்களை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், காட்டமரன், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; எழுத்துருவுக்கென்று தனிச் செலவு தேவையில்லை.

தேடலிலும் மக்கள் பல மாதிரி எழுதுவார்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர். உங்கள் வாசகங்களில் இந்த வழக்குகள் இயல்பாக ஓரிரு இடத்தில் வந்தால் நல்லது.

படமும் எழுத்தும் உங்கள் பொறுப்பு

தளம் தாமதமாவதற்குப் பெரிய காரணம், டெவலப்பர் படத்துக்கும் எழுத்துக்கும் காத்திருப்பதுதான். முன்பணம் கொடுக்கும் முன்பே எல்லாம் தயாராக ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும்.

போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 4 எம்பி வரை இருக்கும். இருபது படத்தை அப்படியே ஏற்றினால் 80 எம்பி. சிக்னல் குறைந்த இடத்தில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். அதே படங்களை ஒவ்வொன்றும் 150 கேபி அளவுக்குச் சுருக்கினால் மொத்தம் 3 எம்பிதான். "படங்களைச் சுருக்கித்தான் ஏற்றணும்" என்று திட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

கூகுளில் இருந்து படம் எடுத்துப் போடாதீர்கள். அதற்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். இன்னொன்றும் நம் ஊருக்கு முக்கியம். ஆண்டாள் கோயில் கோபுரத்தின் படத்தைக் கடைத் தளத்தில் போடலாம். ஆனால் அந்தக் கோபுரத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற தமிழ்நாடு அரசு முத்திரையைப் போடக் கூடாது. அரசு முத்திரைகளை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம், 1950 தடுக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் "எங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு" என்று தளத்தில் போடும் முன், உங்கள் கடை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவாகியிருக்கா என்று பாருங்கள். பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, விண்ணப்பம் அங்கேதான்.

சட்டப்படி தளத்தில் இருக்க வேண்டியவை

இதை டெவலப்பர் நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். வியாபாரம் உங்களுடையது. ஆகவே தாளில் இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள்.

* ஆன்லைனில் விற்பவர், நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன் படி தன் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் விவரம், பணம் திருப்பித் தரும் முறை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டணும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லணும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும்.
* உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் அல்லது உரிம எண்.
* பொட்டலப் பொருள் என்றால் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் பெயர், முகவரி. கடையில் டப்பாமேல் இருப்பது திரையிலும் இருக்கணும்.
* அறுவை சிகிச்சைக்கான கட்டுத்துணி என்றால் உரிமம் தொடர்பான விவரங்கள்.
* வாடிக்கையாளரிடம் வாங்கும் பெயர், போன் எண் போன்றவை தனிநபர் தரவு. இதற்கென்றே 2023-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பார்சல் அனுப்பத் தேவையானதை மட்டும் கேளுங்கள். பிறந்த தேதியும் ஆதாரும் பால்கோவா வாங்க எதற்கு?

பணம் வாங்கும் முறையையும் முன்பே முடிவு செய்யணும். யுபிஐ மட்டும் போதும் என்றால் தளம் எளிதாகும். கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் வேண்டுமென்றால் பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் கணக்கு வேண்டும். அவர்கள் பொதுவாக ஒவ்வொரு விற்பனைக்கும் 2 விழுக்காடு அளவில் எடுப்பார்கள். அந்தக் கணக்கு உங்கள் கடைப் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கணும். "இப்போதைக்கு என் அக்கவுண்ட்ல வரட்டும்ணே" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சாவி யார் கையில்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடைக்காரர் டெவலப்பரிடம் மொத்தப் பணமும் கொடுத்து எல்லாவற்றையும் அவரையே வாங்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெவலப்பர் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் டொமைன் வாங்குகிறார். தளம் நன்றாக ஓடுகிறது. முகவரி பையிலும் பில்லிலும் வண்டியிலும் அச்சாகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து டெவலப்பர் வேறு வேலைக்கு வெளிநாடு போகிறார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் தளம் திறக்கவில்லை. சில வாரம் கழித்து அதே முகவரியை வேறு யாரோ வாங்கி வேறு எதற்கோ பயன்படுத்துகிறார்கள். பணம் கொடுத்தது கடைக்காரர். ஆனால் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. பை அச்சடித்த காசைவிட, அந்த முகவரியை நம்பி வரும் பழைய வாடிக்கையாளர் போவதுதான் பெரிய நஷ்டம்.

இதைத் தடுக்க அரை மணி நேரம் போதும். டொமைனை நீங்களே, உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில், உங்கள் பெயரில் வாங்குங்கள். டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும். ஓடிபி உங்கள் போனுக்கு வரணும். 'டாட் இன்' முகவரியை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். இரண்டு மூன்று ஆண்டாவது சேர்த்துப் பதியுங்கள். தளம் இருக்கும் இடமான ஹோஸ்டிங் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். டெவலப்பருக்குத் தனி உள்நுழைவு கொடுத்தால் போதும்.

அடுத்தது, எழுதிய நிரலின் உரிமை. "காசு கொடுத்தேன், அப்ப அது என்னோடதுதானே?" என்று தோன்றும். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் படி, சம்பளத்துக்கு உங்களிடம் வேலை பார்ப்பவர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஒப்பந்தத்தில் வெளியாள் எழுதிக் கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் உரிமை எழுதியவருக்கே. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் ஒரு பக்க ஒப்பந்தத்தில் இந்த மாதிரி ஒரு வரி சேருங்கள்: "இந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்ட வடிவமைப்பு, நிரல், எழுத்து ஆகியவற்றின் பதிப்புரிமை, முழுத் தொகை செலுத்தியவுடன், முழுக் காலத்துக்கும் உலகம் முழுமைக்கும் கடை உரிமையாளருக்கு மாற்றித் தரப்படுகிறது." எல்லா டெவலப்பரும் பொதுவாகக் கிடைக்கும் இலவச மென்பொருள்களையும் பயன்படுத்துவார்கள், அவற்றுக்கு இது பொருந்தாது. அவை எவை என்று பட்டியல் மட்டும் கேட்டு வாங்குங்கள். தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

விலை கேட்கும் முறை

இப்போதுதான் டெவலப்பரைப் பார்க்கும் நேரம். உங்கள் தாள்களைப் படம் எடுத்து மூன்று பேருக்கு ஒரே மாதிரி அனுப்புங்கள். திட்டம் இல்லாமல் கேட்டால், மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. திட்டத்தோடு கேட்டால்தான் யார் விலை நியாயம் என்று தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டியவை:

1. முதல் வருடச் செலவு எவ்வளவு, இரண்டாம் வருடத்தில் இருந்து எவ்வளவு? டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு தனித்தனியாக.
2. தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ் சேர்ந்ததா? லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இதை இலவசமாகவே தருகின்றன. இதற்குப் பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.
3. விலையையும் படத்தையும் நானே போனில் மாற்ற முடியுமா? எனக்குச் சொல்லித் தருவீர்களா?
4. எத்தனை முறை திருத்தம் இலவசம்?
5. தளத்தின் நகல் எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுத்து வைக்கப்படும்? அது எனக்கும் கிடைக்குமா?
6. நீங்கள் செய்த இரண்டு தளங்களைக் காட்ட முடியுமா?

காட்டிய தளங்களை அவர் கணினியில் பார்க்காமல், உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். முடிந்தால் அந்தக் கடைக்காரருக்கே போன் போட்டு, "முடிச்ச பிறகு கூப்பிட்டா எடுக்கிறாரா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட உதவும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் மூன்று தவணையாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது ஒரு பகுதி, உங்கள் போனில் மாதிரி ஓடும்போது ஒரு பகுதி, எல்லாக் கணக்கும் கடவுச்சொல்லும் கைக்கு வந்த பிறகு கடைசிப் பகுதி. தீபாவளி விற்பனைக்குத் தளம் வேண்டும் என்றால், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தளம் ஓடத் தொடங்கியிருக்கும்படி கணக்குப் போடுங்கள். கூட்டம் வரும் வாரத்தில் சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

டெவலப்பரிடம் போகும் முன் நோட்டில் இருக்க வேண்டிய பட்டியல்

* தளம் செய்ய வேண்டிய ஒரே வேலை, ஒரு வாக்கியத்தில்.
* வாடிக்கையாளர் அதிகம் கேட்ட ஐந்து கேள்விகளும் பதில்களும்.
* போன் அளவுக் கட்டத்தில் வரைந்த நாலைந்து பக்கங்கள்; ஐந்து பேரிடம் காட்டித் திருத்தியது.
* நாலு பேர் பிழையில்லாமல் எழுதிய டொமைன் பெயர்.
* தமிழில் எழுதி முடித்த வாசகங்கள், பட்டன் சொற்கள், சொந்தமாக எடுத்த படங்கள்.
* சட்டப்படி காட்ட வேண்டிய எண்கள், முகவரி, குறைதீர் தொடர்பு.
* பணம் எந்தக் கணக்கில் வரும் என்பது.
* டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கணக்குகள் என் பெயரில் என்ற வரி, பதிப்புரிமை வரி.
* முதல் வருடச் செலவுக்கும் அடுத்த வருடச் செலவுக்கும் உங்களால் முடிந்த வரம்பு.

பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்காமல் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஆலோசனை கேட்கலாம். தளத்தின் பெயரில் யாராவது போலித் தளம் போட்டுப் பணம் பறித்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் கையில் பில், ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு ஆகியவை இருந்தால் வேலை சுலபம்.

தளம் முடிந்த பிறகும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடவுச்சொல்லை எழுதாமல், எந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, டொமைன் புதுப்பிக்கும் தேதி எது என்பதை மட்டும் கடைசிப் பக்கத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். நாளைக்கு மகளோ மருமகனோ கடையைப் பார்த்துக்கொள்ளும்போது, தளத்தின் சாவி எங்கே என்று யாரையும் தேடிப் போக வேண்டியிருக்காது.